நாலாம் நம்பர் ஹெல்மெட்

நுருமி ஓடையின் ஹன்சாகிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பதினோரு நிமிடப் பேச்சுதான். பன்னிரண்டாவது நிமிடத்தில் யாராவது கேள்வி கேட்டால் எனக்கு இருமல் வந்துவிடும்.

பேச்சை விடுதிக்குப் பக்கத்திலிருக்கும் கொட்டகையிலேயே முடித்துவிடுவேன். ஒசாகாக்காரர்கள் மார்பு வரை ஏறும் ரப்பர் உடுப்புக்குள் காலைத் திணிக்கத் தெரியாமல் ஒற்றைக்காலில் தத்திக்கொண்டிருப்பார்கள். அப்போது ஆரம்பிப்பேன்.

“நீங்க பாக்கப்போறது தவளைக்கு ஒன்னுவிட்ட அண்ணன். பேரு ராட்சத சாலமாண்டர், தண்ணிக்குள்ள வாழற பெரிய பல்லி மாதிரி இருக்கும். நாங்க ஹன்சாகின்னு கூப்பிடுவோம். தலையிலேருந்து வால் வரைக்கும் ஒரு மீட்டருக்கு மேல இருக்கும். எழுபது எண்பது வருஷம் வாழும். என்னைவிட மூத்தது இந்த ஓடைல மூணோ அஞ்சோ இருக்கு. குணமும் என்னை மாதிரிதான். பகலெல்லாம் பாறைக்கு அடியில தூக்கம், ராத்திரியானா வாயைத் திறந்துகிட்டு ஒரே எடத்துல உக்காந்திருக்கும், எது வந்து விழுதோ அதுதான் சாப்பாடு. தொடக்கூடாது. தொட்டா போலீஸ் பிடிக்கும். அதுக்கு முன்னாடி அது பிடிக்கும்.”

இங்கே எல்லோரும் சிரிப்பார்கள். ரிட்சுகோ மட்டும் சிரிக்க மாட்டாள். பகலில் பால்பண்ணையில் வேலை, ராத்திரியில் வரிசையின் கடைசி ஆளாக நடந்து காவல் பார்ப்பவள். வயது முப்பது, தோள் இரண்டும் காளை மாட்டுக்குரியவை.

“போன வாரமும் இதே எடத்துலதான் சிரிக்க வெச்சீங்க” என்பாள். “எங்க மாட்டுக்கே இது மனப்பாடம்.”

மூணோ அஞ்சோ என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். நான் நாலு என்று சொல்வதில்லை. எங்கள் பக்கத்தில் நாலு ஆகாது; எங்கள் பாஷையில் நாலுக்கும் சாவுக்கும் ஒரே உச்சரிப்பு. ஆஸ்பத்திரியில் நாலாம் எண் அறை கிடையாது. விடுதியின் செருப்பு அடுக்கில் நாலாம் தட்டு கிடையாது. கல்யாணத்துக்கு நாலு கிண்ணம் கொடுத்தவனை ஊரே ஒரு மாதிரி பார்க்கும். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. மூன்று எழுதியதும் கை தானாக ஐந்துக்குப் போய்விடும். மற்றவர்கள் பழக்கத்தால் சொல்வதில்லை. எனக்கு வேறு காரணம் உண்டு.

முப்பத்தொரு வருடம் கிராம அலுவலகத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பு வாசித்தவன் நான். “கரடி நடமாட்டம். பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து போகவும்.” “முதியவர் ஒருவரைக் காணவில்லை. சாம்பல் நிறச் சட்டை, செருப்பு ஒரு காலில் மட்டும்.” மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்வரை கேட்கும் குரல் என்பார்கள். ஓய்வு பெற்றதும் அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் போனது. டெட்சுஜி வேலை கொடுத்தான்.

கககேயாமா விடுதி என்று பாலத்துக்குப் பக்கத்தில் வெந்நீர் ஊற்றோடு இருக்கிறதே, அது அவனுடையது. ஹன்சாகிகளும் அவனுடையவை என்றே சொல்லலாம். அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி ஒவ்வொன்றின் தோலுக்கு அடியிலும் அரிசி அளவு சிப் வைத்திருந்தான். கையடக்கக் கருவி ஒன்றை முதுகுக்கு மேல் காட்டினால் எண் தெரியும். எண்ணைப் பார்த்ததும், “இவனா, போன வருஷம் தடுப்பணைக்குக் கீழ இருந்தானே, எப்படியோ ஏறி வந்துட்டான்” என்று சொந்தக்காரனைப் பார்த்ததுபோலப் பேசுவான். அறிவு அவனுக்கு, வாய் எனக்கு. நான் முன்னால் போவேன். அவன் கடைசியில் வருவான். பத்து வருடம் ஒருவருக்குக்கூடக் கால் சுளுக்கியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஜூலை மாதக் கடைசியில் புது ஹெல்மெட் வந்தது. பழையதெல்லாம் கீறல் விழுந்துவிட்டது என்று கிராம அலுவலகத்தில் பதினெட்டு வாங்கித் தந்தார்கள். டெட்சுஜியின் மனைவி சிகுசா அன்று மத்தியானம் தூரிகையும் கறுப்புச் சாயமுமாக உட்கார்ந்து எண் எழுதினாள். விடுதியின் பெயர்ப் பலகை, உணவுப் பட்டியல், கோவில் நன்கொடைப் பலகை எல்லாம் அவள் கையெழுத்துதான். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று எழுதிக்கொண்டு போனாள். விருந்தாளிகள் தலையில் வைப்பதாயிற்றே. அதை வந்து யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது?

அன்று மாலை டெட்சுஜி நீர்மட்டம் பார்க்க முன்பே ஓடைக்குப் போய்விட்டான். ஹெல்மெட்டுகளை நான் கொடுத்தேன். கடைசியாகக் கொடுத்ததில் எண் பன்னிரண்டு. ஆக, பன்னிரண்டு பேர். மூளை அத்தோடு வேலையை முடித்துக்கொண்டது.

எங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் இருந்தது. மழை மேலே, முகட்டில் பெய்திருக்கிறது. ஓடை திடீரெனத் தேநீர் நிறத்துக்கு மாறியதை டெட்சுஜிதான் முதலில் பார்த்தான். “ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க” என்றான். ஏறிவிட்டோம். கரையில் நின்று நான் எண்ணைச் சொல்லச் சொன்னேன்.

“ஒண்ணு.”

“ரெண்டு.”

“மூணு.”

பிறகு யாரும் பேசவில்லை.

“நாலு யாரு? நாலாம் நம்பர் குரல் கொடுங்க.”

பயந்துபோன ஒரு பெண் குரல் ஐந்து என்றது. அப்படியே பன்னிரண்டு வரை வந்தது. தலைகளை எண்ணினேன். பதினொன்று.

“எத்தனை பேரு ஷோ-சான்?” என்று என்னைக் கேட்டான் டெட்சுஜி.

“பன்னெண்டு. நாலைக் காணோம்.”

“நல்லா எண்ணினியா?”

“எண்ணிட்டேன்டா.”

“ஆணா பொண்ணா?”

“தெரியல.”

அவன் தோள்பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். கருவி அதற்குள் இருந்தது. “நனைஞ்சிடும், வெச்சுக்கோ. இவங்கள மேல கூட்டிட்டுப் போ. வளைவு வரைக்கும் பாத்துட்டு வந்துடறேன்.”

அவனுடைய பழைய மஞ்சள் விளக்கு வளைவில் திரும்பியதைப் பார்த்தேன். அப்புறம் ஓடை ஒரு லாரிபோல வந்தது.

இரண்டு நாள் கழித்துத் தடுப்பணையில் கிடைத்தான்.

அந்த இரவு, தீயணைப்புக்காரர்கள் கயிறும் விளக்குமாகக் கரையில் ஓடிக்கொண்டிருக்கும்போது, நான் கொட்டகையில் ஹெல்மெட்டுகளை ஒவ்வொன்றாக ஆணியில் மாட்டினேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து. திரும்ப எடுத்து மாட்டினேன். ஐந்து. ரப்பர் உடுப்புக்கு அடியில் சட்டைப்பையில் விருந்தினர் பட்டியல் இருந்தது. எடுத்துப் பிரித்தேன். பதினோரு பெயர். அது சாயங்காலத்திலிருந்து என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

விடிவதற்குள், எழுதாமல் மீந்திருந்த ஹெல்மெட் ஒன்றை எடுத்து, சிகுசாவின் சாயத்திலேயே நாலு என்று எழுதி மாட்டிவிட்டேன். கை நடுங்கியது. விருந்தாளிகள் அதற்குள் முதல் வண்டிக்கே ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். காலையில் போலீஸ்காரர், “அவர் எதுக்குத் திரும்பப் போனாரு?” என்று கேட்டபோது டெட்சுஜியின் பை என் வண்டி சீட்டுக்கு அடியில் இருந்தது.

“கருவியை மறந்துட்டான். எடுத்துட்டு வரேன்னு போனான்” என்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, எண் எழுதியது யார் என்பதாகத்தான் இருக்கும். புருஷனைப் பறிகொடுத்தவள் தலையில் அதையும் வைப்பதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு மிகவும் வசதியாக அமைந்த கருணை.

ஆனால் அந்தப் பொய் சிகுசாவை வேறு இடத்தில் போய்க் குத்தியது. அன்று மாலை புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டிருக்கிறார்கள். “அந்த மெஷினையும் வழவழப் பிராணியையும் கட்டிக்கிட்டு ஆத்துலயே குடும்பம் நடத்துங்க” என்று சொல்லியிருக்கிறாள். அவன் கருவிக்காகச் செத்தான் என்று நான் சொன்னதும், சவப்பெட்டியைப் பார்த்து, “சொன்னதைச் செஞ்சுட்டாரு” என்றாள். அழவில்லை.

ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி சாயங்காலம், செத்தவர்களை வரவேற்கும் போன் பண்டிகைக்கு, ஊரில் எல்லா வாசலிலும் சணல் குச்சி எரியும். புகையைப் பார்த்துத்தான் செத்தவர்கள் வீடு கண்டுபிடித்து வருவார்கள். மூன்று நாள் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். செத்த வருடத்துப் போன் பண்டிகை என்றால் ஊரே வந்து நிற்கும். சிகுசா கதவைச் சாத்திவிட்டாள். மறு வருடமும் குச்சி எரியவில்லை. பூசாரி வந்து கேட்டதற்கு, “மெஷினுக்காகத் திரும்பிப் போனவரு மெஷினோடயே இருக்கட்டும்” என்றாளாம். அதிலிருந்து அவனைப் பெயர் சொல்லியும் குறிப்பிடுவதில்லை. அந்த மனுஷன், அவ்வளவுதான்.

போன வருடம் ஜூன் மாதம் சுற்றுலாவைத் திரும்ப ஆரம்பித்தோம். முதல் இரவே ஆரம்பித்தது அதுவும்.

உயரமான பாறைக்குக் கீழே நின்று, தண்ணீர் முழங்காலைத் தள்ள, எண்ணைச் சொல்லச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று. அந்த இடைவெளியில், மேலே வளைவுப் பக்கமிருந்து, களைத்துப்போன குரல் ஒன்று நிதானமாகச் சொன்னது:

“இன்னும் காணோம்.”

ஐந்து என்றாள் அடுத்தவள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு ரப்பர் உடுப்புக்குள் தண்ணீர் புகுந்ததுபோல இருந்தது. பார்த்தேன், புகவில்லை.

விளக்கையும் பார்த்தேன். எங்களுடையதெல்லாம் வெள்ளை. வளைவில் ஒரு மஞ்சள் விளக்கு ஒவ்வொரு பாறைக்கும் குனிந்து, எழுந்து, அடுத்த பாறைக்குப் போகும். விருந்தாளிகள் கேட்டால் மின்மினி என்பேன். ஆகஸ்டில் இங்கே மின்மினி கிடையாது. நல்ல வேளையாக ஒசாகாக்காரர்களுக்கு அது தெரியாது.

மருத்துவரிடம் போனேன். காதில் அழுக்கு என்றார். எடுத்தார். அதற்குப் பிறகு இன்னும் தெளிவாகக் கேட்டது.

வேலையை விட்டிருக்கலாம். ஆனால் நான் போகாத ராத்திரியும் அவன் அங்கே குனிந்து தேடிக்கொண்டுதான் இருப்பான். இல்லாத ஒருவரைத் தேட நான் அனுப்பியவன். அவனுக்கு யார் போய்ச் சொல்வது? நானே சொல்லலாம் என்று ஒருநாள் தனியாகப் போனேன். மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும் குரல் பாறையைத் தாண்டவில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றேன், ஹன்சாகி மாதிரி.

இந்த வருடம் ஆகஸ்ட் பன்னிரண்டு. போன் பண்டிகைக்கு முன் கடைசி ஓடை நடை. அடுத்த மூன்று நாள் யாரும் ஆற்றில் கால் வைக்க மாட்டார்கள். ஐந்து பேர் வந்திருந்தார்கள்: கோபேயிலிருந்து ஒரு பல் மருத்துவரும் மனைவியும், இரண்டு கல்லூரிப் பெண்கள், பெரிய கேமராவோடு ஒரு கிழவர். நான் பேச்சின் ஏழாவது நிமிடத்தில் இருந்தேன். கொட்டகைக் கதவு திறந்தது. சிகுசா.

இரண்டு வருடமாக அவள் அந்தக் கொட்டகைக்குள் வந்ததில்லை. ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள். அது டெட்சுஜியுடையது. கணுக்காலில் இரண்டு மடிப்பு மடித்திருந்தாள்.

“நானும் வரேன்” என்றாள்.

“சிகுசா-சான், அங்க பாறையெல்லாம் வழுக்கும்…”

“இந்த ஊர்லதான் பொறந்தேன் ஷோ-சான். நீங்க விழுந்ததெல்லாம் பாத்திருக்கேன்.”

ரிட்சுகோ முதல் தடவையாகச் சிரித்தாள். என் பதினோரு நிமிடத்துக்குக் கிடைக்காத சிரிப்பு.

சிகுசா சுவருக்குப் போனாள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு எல்லாம் விருந்தாளிகள் தலையில் இருந்தன. ஏழிலிருந்து ஒரு வரிசை மீதி இருந்தது. அதற்கு மேலே தனி ஆணியில், ஒருவரும் தொடாமல் தூசி படிந்து, நாலு. அதை எடுத்தாள். எண்ணை விரல் நுனியால் ஒருமுறை தடவினாள். தூசியை ஊதிவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டாள்.

“அது வேணாமே” என்றேன்.

“ஏன், ஓட்டையா?”

 இருமினேன்.

ஓடை நல்ல தெளிவாக இருந்தது. ரிட்சுகோ முதல் குட்டையிலேயே ஒன்றைக் காட்டினாள். ஓட்டம் குறுகும் இடத்தில், தலையை மேல்பக்கம் வைத்து, சேற்று நிறத்தில், பார்த்தால் பாறை. அப்புறம் அந்தப் பாறைக்குக் கண்ணுக்குப் பதிலாக இரண்டு மணிபோல ஏதோ இருப்பது தெரியும். கல்லூரிப் பெண்கள் மூச்சை இழுத்தார்கள். பல் மருத்துவர் கிசுகிசுப்பாக, “பல் இருக்கா?” என்று கேட்டார்.

“வரிசையா இருக்கு. ஆனா காட்டறதுக்கு நேரம் கேட்டு வரணும்” என்றேன். குரல் என்னுடையதாக இல்லை. சிகுசா எனக்கு நேர் பின்னால் நடந்துவந்தாள். தண்ணீரில் அவள் காலடிச் சத்தமே கேட்கவில்லை.

இன்னும் மேலே, கரையோரப் பாறை இடுக்கில், பெரியது இருந்தது. பொந்துக்காரன் என்று டெட்சுஜி சொல்வான். ஆகஸ்ட் வந்தால் பொந்து வாசலில் காவல் உட்கார்ந்துவிடும்; முட்டை வந்து, குஞ்சு பொரிந்து, குளிர்காலம் முழுவதும் அந்த இடத்தை விட்டு நகராது. முகம் மட்டும் வெளியே தெரிந்தது. கேமராக் கிழவர் கொஞ்சம் நெருங்கியதும் மலை மிளகை நசுக்கியதுபோல ஒரு வாசனை எழுந்தது. கோபம் வந்தால் அதன் தோலிலிருந்து வரும் வாசனை.

“இந்த நாத்தம் அந்த மனுஷன் சட்டையில எப்பவும் இருக்கும்” என்றாள் சிகுசா. “எத்தனை தடவை துவைச்சாலும் போகாது. இப்ப அலமாரியில தேடறேன், எதுலயும் இல்ல.”

உயரமான பாறைக்கு வந்தோம். எண்ணும் இடம். விளக்குகளைத் தாழ்த்தச் சொன்னேன். அதற்குள் வளைவில் மஞ்சளாக ஒன்று குனிந்து எழுவதைப் பார்த்துவிட்டேன். கல்லூரிப் பெண்கள் மின்மினி என்று கைகாட்டினார்கள். வேண்டுமென்றே பார்வையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டேன்.

“எண்ணைச் சொல்லுங்க.”

“ஒண்ணு” என்றார் பல் மருத்துவர்.

“ரெண்டு.”

“மூணு.”

மேலே அந்தக் குரல் மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது. சொல்லத் தொடங்குவதற்கு முன் இழுக்கும் மூச்சு.

“நாலு” என்றாள் சிகுசா.

 மேலேயிருந்து எதுவும் வரவில்லை. ஐந்து, ஆறு என்று பெண்கள் சொன்னார்கள். 

“ரிட்சுகோ-சான்” என்றாள் சிகுசா, “இவங்களைக் கரைக்குக் கூட்டிட்டுப் போம்மா. சோத்துருண்டையும் சுட்ட மீனும் கூடையில வெச்சிருக்கேன். ஷோ-சானோட எனக்கு ஒரு வார்த்தை பேசணும்.”

ரிட்சுகோ என்னைப் பார்த்தாள். கேலி எதுவும் சொல்லாமல் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளை விளக்குகள் கரையேறி மூங்கிலுக்குப் பின்னால் மறைந்தன.

சிகுசா மார்புப் பையிலிருந்து ஒரு தபால் அட்டையை எடுத்தாள். கோடைக்கால நலம் விசாரிக்கும் அட்டை. காற்றுமணி படம் போட்டிருந்தது.

“உங்க பேருக்கு விடுதி விலாசத்துல வந்துச்சு. அட்டைதானே, படிச்சுட்டேன். ஒசாகாவிலேருந்து ஒரு அம்மா. ‘அன்று உங்களோடு ஓடைக்கு வந்த ஐந்தாம் எண் நான். கஷ்டமான நாளை நினைவுபடுத்துவதற்கு மன்னிக்கவும். நாலாம் நம்பர்காரர் நலமாக இருக்கிறாரா? அவரைத் தேடிப் போன ஐயாவுக்காக ஒவ்வொரு கோடையிலும் ஊதுபத்தி ஏற்றுகிறேன்.’”

விளக்கு வெளிச்சத்தில் அட்டையை மடங்காமல் திரும்பப் பையில் வைத்தாள்.

“மூணு நாளா யோசிச்சேன். நான் நாலு எழுதலையே. ஒருவேளை எழுதி மறந்துட்டேனோன்னு பாக்கத்தான் கொட்டகைக்கு வந்தேன்.” ஹெல்மெட்டைக் கழற்றி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். “இது என் தூரிகை இல்ல. இந்த நாலு நொண்டுது.”

“கை நடுங்கிச்சு” என்றேன்.

அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன். ஆணிகள், சட்டைப்பைப் பட்டியல், நல்லா எண்ணினியா என்று அவன் கேட்டது, ஆமாம் என்று நான் சொன்னது. என் தோள்பையைத் திறந்து அந்தக் கருவியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வருடமாக ஒவ்வொரு நடைக்கும் தூக்கிக்கொண்டு வருவது. வீட்டில் வைக்கத் தைரியமில்லை, தூக்கி எறியவும் இல்லை.

சிகுசா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பித்தானை அழுத்தினாள். உயிர் இல்லை.

“அப்ப இதுக்காகப் போகல.”

“இல்ல.”

“ஒரு ஆளைத் தேடிப் போனாரு.”

“ஆமா.”

“அந்த ஆள் இல்லவே இல்ல.”

“இல்லவே இல்ல.”

ஹெல்மெட்டைத் திருப்பி அந்த எண்ணைப் பார்த்தாள். அவள் அதைக் கண்டுபிடிக்கும் கணத்துக்காகத்தான் நான் இரண்டு வருடம் பயந்திருந்தேன். அது அவள் முகத்தில் வருவதைப் பார்த்தேன்.

“விட்டது நான்” என்றாள். “நாலை விட்டது நான்தான்.”

“எண்ணினது நான்.”

“விருந்தாளிங்க மனசு சங்கடப்படுமேன்னு விட்டேன்.”

“பட்டியல் என் பையில இருந்துச்சு சிகுசா-சான். ஒரு தடவை பாத்திருந்தா போதும். எனக்குப் பன்னெண்டுன்னா பன்னெண்டு. முப்பத்தொரு வருஷம் காணாமப் போனவங்களை அறிவிச்ச வாய். அன்னிக்கு இல்லாதவங்களையே காணாமப் போக வெச்சுட்டேன்.”

அவள் கையை உயர்த்தினாள். அறையப்போகிறாள் என்று நினைத்தேன். கன்னத்தைக் கொஞ்சம் தயாராகவே வைத்திருந்தேன். அவள் என் ஹெல்மெட் விளக்கைத் திருப்பிவிட்டாள், கண்ணில் அடித்ததாம்.

“இதை வெச்சு அப்புறம் சண்டை போட்டுக்கலாம்” என்றாள். “வருஷக்கணக்கா போடலாம், எங்கயும் ஓடிப்போக மாட்டீங்கல்ல? முதல்ல சொல்லுங்க. அந்தச் சின்னப் பொண்ணுங்க மின்மினின்னு காட்டினாங்களே. அது என்ன?”

நான் வளைவைப் பார்த்தேன். மஞ்சள் விளக்கு ஒரு பாறையை முடித்து அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தது.

“உங்களுக்கும் தெரியுதா?”

“கண்ணு நல்லாத்தான் இருக்கு எனக்கு.”

“தேடிக்கிட்டிருக்கான்” என்றேன். “எண்ணும்போதெல்லாம் சொல்வான். இன்னும் காணோம்னு.”

சிகுசா ஹெல்மெட்டைத் திரும்பத் தலையில் வைத்துத் தாடைப்பட்டியை இழுத்துப் போட்டாள். என்னைத் தாண்டி இரண்டடி மேலே போனாள். தண்ணீர் அவள் தொடையைச் சுற்றி வழிந்தது. அவள் குரல் பெரிய குரல் இல்லை. சமையலறையிலிருந்து கூடத்துக்குக் கேட்டால் போதும் என்று வளர்ந்த குரல்.

“என்னங்க” என்றாள்.

விளக்கு குனிந்தபடியே நின்றது.

“நாலு இங்க இருக்கு. இந்தா, என் தலையிலதான் இருக்கு. யாரும் விட்டுப்போகல. எல்லாரும் கரையேறியாச்சு.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “அன்னிக்கு நான் பேசினது தப்பு. நீங்க பேசினதும் தப்புதான். போதும், ரெண்டு வருஷமாத் தண்ணியில நிக்கறீங்க. ஏறி வாங்க.”

விளக்கு நிமிர்ந்தது. இத்தனை மாதங்களில் அது நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் திரும்பியது. பிறகு அவசரமில்லாமல் கரையோரமாக நகர்ந்து, பழைய படிக்கல் இருக்கும் இடத்தில், ஒருவர் தண்ணீரிலிருந்து காலைத் தூக்கி வைக்கும் உயரத்துக்கு, ஒரு அசைவு. அப்புறம் அணைந்துவிட்டது.

“கரையேறினதும் அணைச்சுடுவாரு” என்றாள் சிகுசா. “பேட்டரி தீந்துடுமாம். கஞ்சன்.”

அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன், ஆனால் தண்ணீரில் நிலைகொள்ளாமல் ஒரு கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். ரப்பர் உடுப்புக்குள் நிஜமாகவே தண்ணீர் புகுந்தது. அவள் கைகொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. டெட்சுஜி எங்காவது நின்று பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்பான்.

மறுநாள் காலை காவல் நிலையத்துக்குப் போனேன். பழைய போலீஸ்காரர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் பொறுமையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். என்ன ஆகும் என்று தெரியாது. ஒசாகா அம்மாவுக்கும் பதில் எழுதினேன். மூன்று அட்டை கிழித்த பிறகு வந்தது இவ்வளவுதான்: நாலாம் நம்பர்காரர் என்று யாரும் இருக்கவில்லை, தவறு என்னுடையது, தயவுசெய்து ஊதுபத்தியை நிறுத்த வேண்டாம்.

சாயங்காலம் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கககேயாமா விடுதி வாசலில் மண் தட்டில் சணல் குச்சிகளை அடுக்கி, சிகுசா குந்தி உட்கார்ந்து பற்றவைத்துக்கொண்டிருந்தாள். காற்று இல்லை. புகை நேராக ஓடைப் பக்கம் போனது. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

“அங்க என்ன கம்பம் மாதிரி” என்றாள், நிமிராமலே. “வந்து கும்பிட்டுட்டுப் போங்க. உங்களுக்குச் சோறு கிடையாது, கோபமா இருக்கேன். டீ உண்டு.”

உள்ளே, அவன் படத்துக்கு முன்னால், வெள்ளரிக்காய்க் குதிரை நின்றது. செத்தவர்கள் வீட்டுக்குச் சீக்கிரம் வந்து சேர்வதற்காகக் குச்சியைக் கால்களாகக் குத்திச் செய்து வைப்போமே, அது. பக்கத்தில் அந்தக் கருவி. அதற்குப் பின்னால் நாலாம் நம்பர் ஹெல்மெட்; எண்ணைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதியிருந்தாள். நொண்டவில்லை.

பழக்கம் விடவில்லை. டீ ஆறுவதற்குள் குதிரையின் கால்களை எண்ணினேன். ஒருமுறை எண்ணிவிட்டு, என்னை நம்பாமல், விரலால் தொட்டுத் தொட்டு மறுபடியும் எண்ணினேன்.

நாலு.